மலையகத்து வீட்டுத் தோட்டத்தை ஓராண்டு கவனித்து எழுதுவது எப்படி

2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணி முதல் 8.05 வரை, தத்தம் வளவில் நிற்கும் குரங்கு, மர அணில், மயில் முதலியவற்றை எண்ணித் தருமாறு இலங்கை அரசாங்கம் பொதுமக்களைக் கேட்டுக்கொண்டது. பயிர்ச்சேதத்துக்கு வழிதேடி எடுக்கப்பட்ட அந்தக் கணக்கு, அந்த ஐந்து நிமிடத்தில் கண்ணில் பட்டவை எவை என்பதைச் சொல்லக்கூடும். காலை எட்டு மணிக்கு முள்ளம்பன்றி வளையில் உறங்கிக்கொண்டிருக்கும். மரை காட்டோரம் ஒதுங்கியிருக்கும். லீக்ஸ் பாத்தியை விடிய விடியப் புரட்டிய பன்றி அயலிலேயே இராது. வீட்டுத் தோட்டத்துக்கு எந்த உயிர், எந்தக் காலத்தில், எதைத் தேடி, எந்த வழியாக வருகிறது என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை வேண்டுமாயின் ஓராண்டு முழுவதும் எழுதப்பட்ட கொப்பி ஒன்று வேண்டும். வேலி அடைப்பதும் மரக்கிளை வெட்டுவதும் வலை கட்டுவதும் அந்தக் கொப்பியைப் படித்த பின்னர் செய்யவேண்டிய வேலைகள் என்பதே என் நிலைப்பாடு. அவற்றை முன்கூட்டிச் செய்தால் பணமும் போகும், பன்றியும் வேறு பக்கத்தால் வரும்.

இதற்குப் பெரிய காணி தேவையில்லை. தோட்ட வீடமைப்புத் திட்டங்களில் கிடைக்கும் 7 பேர்ச்சஸ், அதாவது ஏறத்தாழ 177 சதுர மீற்றர், போதுமானது. லயத்துக்குப் பின்னால் கோவாவும் போஞ்சியும் போடும் துண்டு நிலம் இருந்தாலும் போதும்.

தொடங்கும் காலமும் மழைக் கணக்கும்

பலர் ஜனவரி முதலாம் திகதி புதுக் கொப்பியைத் திறப்பார்கள். மலையகத்துக்கு அது பொருந்தாது. மத்திய மலைத்தொடர் தீவின் மழையை இரண்டாகப் பிரித்துவிடுகிறது. மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேல் பருவக்காற்று ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கத்துச் சரிவுகளை நனைத்தெடுக்கும்போது, அதே மாதங்களில் பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கத்தில் வறண்ட காற்று அடித்து மானாப்புல் தரைகள் தீப்பற்றி எரிகின்றன. டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வரும் வடகீழ்ப் பருவக்காற்றோ ஊவாவுக்கு மழையையும் மேற்குச் சரிவுகளுக்குத் தெளிந்த வானத்தையும் குளிர்ந்த இரவுகளையும் தருகிறது. மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடியோடு கொட்டும் மழை மட்டுமே இரு பக்கத்துக்கும் பொதுவானது. ஆகவே ஜூலை மாதத்தில் ஹட்டனிலுள்ள ஒருவர் தவளைச் சத்தத்தால் தூங்க முடியவில்லை என்று எழுதுவதும், பண்டாரவளையிலுள்ள அவருடைய மைத்துனர் ஒரு தவளையைக்கூடக் காணவில்லை என்று எழுதுவதும் ஒருங்கே உண்மையாக இருக்கலாம். உங்கள் வீடு எந்தச் சரிவில் இருக்கிறது என்பதைக் கொப்பியின் முதற் பக்கத்தில் எழுதி, வறட்சி முடிந்து உங்கள் பக்கத்தில் முதற் பெருமழை பெய்யும் வாரத்தில் பதிவைத் தொடங்குங்கள்.

மழையை அளப்பதற்குக் கருவி வாங்க வேண்டியதில்லை. அடி முதல் வாய் வரை ஒரே அகலமுள்ள, நேரான பக்கங்களைக் கொண்ட எந்தக் கொள்கலனும் மழைமானியாகப் பயன்படும்; அதில் சேர்ந்த நீரின் உயரம் எத்தனை மில்லிமீற்றரோ அத்தனை மில்லிமீற்றர் மழை பெய்திருக்கிறது. கூரைத் தகரத்தின் சொட்டும் மரக்கிளையின் சொட்டும் விழாத திறந்த இடத்தில், முழங்கால் உயரத்தில், கவிழாதபடி அதைக் கட்டிவையுங்கள். வளிமண்டலவியல் திணைக்களம் காலை 8.30உடன் முடிவடையும் 24 மணித்தியாலத்தையே ஒரு நாளாகக் கொள்வதால், நீங்களும் அதே நேரத்தில் அளந்து கொட்டிவிட்டால் பின்னர் ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது. மலைக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு அந்த நேரம் ஒத்துவராது. அவர்கள் விடியற்காலை ஐந்தரைக்கு அளந்தாலும் குறையில்லை, ஆனால் நேரத்தை நாளுக்கொன்றாக மாற்றலாகாது.

கொப்பியில் என்ன எழுதுவது

ஒரு நாளுக்கு இரண்டு வரி போதும். திகதி, மழை, கண்ட உயிர் அல்லது தடயம், தோட்டத்தின் எந்த மூலை, அது என்ன செய்தது என்ற ஐந்து செய்திகளும் அந்த இரண்டு வரிக்குள் அடங்கவேண்டும். மூலைகளை அடையாளம் காட்ட முதற் பக்கத்திலேயே வளவின் படமொன்றை வரைந்து கிணறு, பீலி, கான், கோழிக்கூடு, ஒவ்வொரு பழமரம், வேலியிலுள்ள ஒவ்வொரு இடைவெளி ஆகியவற்றுக்கு இலக்கமிட்டுவிடுங்கள். 'பன்றி வந்தது' என்ற குறிப்பால் ஆண்டு இறுதியில் ஒரு பயனும் இராது. '4ஆம் இடைவெளி, மரவள்ளி, இரவு, மழைக்குப் பின்' என்ற குறிப்புத்தான் வேலிக்குக் கம்பி எங்கே வாங்கவேண்டும் என்பதைச் சொல்லும்.

கண்டதை மட்டும் எழுதும் பழக்கம் பலருக்கு உண்டு. காணாததும் எழுதப்படவேண்டும். வழக்கமாகக் கொய்யாவுக்கு வரும் குரங்குக் கூட்டம் இரண்டு வாரமாக வரவில்லை என்றால், அயலில் எங்கோ அதைவிட நல்ல பழம் பழுத்திருக்கிறது அல்லது அதன் பாதை எங்கோ அடைபட்டிருக்கிறது. கிருமிநாசினி தெளித்த நாளையும் மருந்தின் பெயரையும் தவறாமல் குறியுங்கள். அதற்கு அடுத்த வாரம் பூசணிப்பூவில் தேனீ குறைந்ததா, பாத்தியோரத்தில் தவளை குறைந்ததா என்பதைக் கொப்பிதான் காட்டும், நினைவு காட்டாது.

இன்னொரு குறிப்பு மலையகத்துக்கே உரியது. உங்கள் வளவையடுத்த தேயிலை மலையில் கவ்வாத்து வெட்டும் நாளை அவசியம் எழுதுங்கள். உயரத்தைப் பொறுத்து மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நடக்கும் இந்த வேலையால், நேற்றுவரை இடுப்பளவுக்கு மூடியிருந்த செடி இன்று மொட்டைக் கட்டையாகிவிடுகிறது. அதனடியில் ஒதுங்கியிருந்த முயலும் கீரியும் காட்டுக்கோழியும் பன்றியும் மறைவிடம் தேடி நகர்கின்றன. அந்த வாரத்தில் உங்கள் தோட்டத்துக்குப் புதிதாக வரும் விலங்குக்கும் உங்கள் பயிருக்கும் தொடர்பே இல்லாமலிருக்கலாம். பராமரிப்பின்றிக் காடாகிப்போன தேயிலை மலை அருகில் இருந்தால், அதையும் படத்தில் வரைந்துகொள்ளுங்கள். ஏனெனில் பகலில் பன்றி படுத்திருப்பது பெரும்பாலும் அங்கேதான்.

ஆண்டின் போக்கு

முதல் மழை வாரங்களில் பகலைவிட இரவே பயன் தரும். விளக்கை அணைத்துவிட்டு இஸ்தோப்பில் பத்து நிமிடம் அமர்ந்து, கேட்கும் தவளைக் குரல்கள் எத்தனை வகை என்பதை மட்டும் எழுதுங்கள். பெயர் தெரியவேண்டியதில்லை, 'கூழாங்கல் தட்டுவதுபோல்' என்று எழுதினாலும் போதும். கைத்தொலைபேசியில் ஒரு நிமிடம் ஒலிப்பதிவு செய்துவைத்தால் பெயரைப் பின்னர் விசாரித்துக்கொள்ளலாம். இலங்கையின் புதர்த்தவளைகளுள் பெரும்பாலானவற்றுக்கு நீரில் நீந்தும் வாற்பேய்ப் பருவமே இல்லை. அவை ஈரமண்ணைக் கிளறி முட்டையிட்டு மூடிவிட, முட்டைக்குள்ளேயே வளர்ச்சி முடிந்து, விரல் நகத்தளவுகூட இல்லாத முழுத்தவளைக் குஞ்சு மண்ணிலிருந்து வெளிவருகிறது. மழைக்காலத்தில் பாத்தியை மண்வெட்டியால் கொத்தும்போது கண்ணாடிமணி போன்ற உருண்டைகள் கூட்டமாக வெளிப்பட்டால் அவற்றை உரமணி என்று எண்ணி உதறிவிடாமல், அதே மண்ணால் மூடிவிட்டு இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

உயர்ந்த மலைப்பகுதிகளில் முதுகில் மணற்கடிகார வடிவக் கோடுள்ள மரத்தவளை ஒன்று இருக்கிறது. இதுவும் இலங்கைக்கே உரியது. இது நீருக்கு மேலே தொங்கும் இலையிலோ தொட்டியின் உள்விளிம்பிலோ முட்டையிட்டு, அதைப் பின்னங்கால்களால் நுரையாக அடித்துவிடுகிறது. காலையில் பார்த்தால் தொட்டிச் சுவரில் யாரோ சவர்க்கார நுரையை அப்பிவிட்டுப் போனதுபோல் வெண்மையாக ஒட்டியிருக்கும். ஓரிரு நாளில் மேற்பரப்புக் காய்ந்து மங்கிய மஞ்சளாகும். உள்ளே ஈரம் குறையாது. பின்னர் நுரை கீழ்ப்பக்கமாக இளகி, வாற்பேய்கள் ஒவ்வொன்றாக நீரில் விழும். இந்தத் தவளைக்காகத் திறந்த பீப்பாயை வைத்திருப்பதில் ஒரு சிக்கல் உண்டு: டெங்கு நுளம்பும் அதே நீரைத்தான் தேடும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கேட்டால் தவளைக் கதையைச் சொல்லித் தப்ப முடியாது. குடிநீர்ப் பீப்பாய்களையெல்லாம் வலையால் இறுக மூடிவிட்டு, ஒரேயொரு சிமெந்துத் தொட்டியை மட்டும் திறந்துவைத்து, வாரத்துக்கு ஒருமுறையாவது தேநீர் வடிகட்டியால் நுளம்புக் குடம்பிகளை அள்ளியெறிவதே எனக்குத் தெரிந்த நடைமுறைத் தீர்வு. வாரம் தவறாமல் அதைச் செய்ய இயலாதவர்கள் தொட்டியை மூடிவிடுவதே முறை.

மேற்குச் சரிவுகளில் மழை உச்சத்தில் அட்டையும் நத்தையும் தவிர எழுத அதிகம் இராது. பதுளை, பண்டாரவளை உள்ளிட்ட ஊவாப் பக்கத்தவர்களுக்கு இதே மாதங்கள்தான் தீக்காலம். மானாப்புல் எரிந்த மறுநாள்களில் வளவுக்குள் வரும் முயலையும் பாம்பையும் குறித்துக்கொள்ளவேண்டும்.

செப்டெம்பர் பிற்பகுதியிலிருந்து கொப்பி நிரம்பத் தொடங்கும். இந்தியாவிலிருந்து குளிர்காலத்துக்கு வரும் ஆறுமணிக் குருவி, விடியும்போதும் பொழுதுசாயும்போதும் புதருக்குள்ளிருந்து இரண்டு சுரத்தில் உரக்கக் கூப்பிடுவதால் அதன் வருகைநாளைக் கண்ணால் பார்க்காமலே எழுதிவிடலாம். வந்த புதிதில் களைப்பால் வீட்டுச் சுவரோரத்தில் அசையாமல் நிற்பதுண்டு. அந்நேரத்தில் பூனையைக் கட்டிவைத்தால் போதும், சோறு வைக்கத் தேவையில்லை. கானோரமாக வாலை ஆட்டிக்கொண்டு நடக்கும், அடிவயிறு மஞ்சளான சாம்பல் வாலாட்டியும் இதே காலத்தில்தான் வருகிறது. நுவரெலியாவில் வசிப்பவர்களுக்கு ஒரு கூடுதல் பேறு உண்டு: காஷ்மீரையொட்டிய மலைகளில் குஞ்சு பொரிக்கும் காஷ்மீர் ஈப்பிடிப்பான் குளிர்காலத்தைக் கழிக்கத் தேர்ந்தெடுக்கும் முக்கியமான இடம் இலங்கையின் மலைநாடே. தொண்டையும் மார்பும் செங்கல் நிறமான இந்தச் சிறு குருவியைத் தேடி வெளிநாட்டார் விக்டோரியா பூங்காவில் காத்துக்கிடப்பார்கள். அது நம் வீட்டுப் பேரிக்காய் மரத்திலும் வந்து உட்காரும். வருகைநாளைப் போலவே, ஏப்ரலில் இவை கடைசியாகக் காணப்பட்ட நாளையும் எழுதவேண்டும். அதற்கு ஒரே வழி, மார்ச் பிற்பகுதியிலிருந்து அவற்றைக் கண்ட ஒவ்வொரு நாளும் ஒரு புள்ளி இடுவதுதான். கடைசிப் புள்ளி எது என்பது மே மாதத்தில் தானாகத் தெரியவரும்.

தை, மாசியில் நுவரெலியா, அம்பேவளைப் பக்கத்தில் வானம் தெளிந்த இரவுகளில் உறைபனி விழுந்து உருளைக்கிழங்கு இலை கருகும். கருகிய பாத்திகளைப் படத்தில் குறித்தால், வளவில் குளிர்காற்று தேங்கும் பள்ளம் எது என்பது விளங்கும். இதே காலத்தில் இலங்கைக்கே உரிய வெள்ளைக்கண்ணிச் சிட்டும் மஞ்சள்காதுக் கொண்டைக்குருவியும் பழம், பூ எங்கே உண்டோ அங்கே கூட்டமாக அலைவதைக் காணலாம். மார்ச், ஏப்ரலில் சிவனொளிபாதமலையை நோக்கிச் செல்லும் வண்ணத்துப்பூச்சிக் கூட்டம் மஸ்கெலியாப் பக்கத்து வீடுகளைக் கடக்கும். எண்ண முயலவேண்டாம், பறந்த திசையையும் நேரத்தையும் எழுதினால் போதும். தேயிலைக்கு நிழலாக நட்ட சவுக்கு மரம் (கடலோரச் சவுக்கு அன்று, சில்வர் ஓக்) பூக்கும் நாளையும் முள்முருங்கை பூக்கும் நாளையும் குறியுங்கள். தேன்சிட்டும் மைனாவும் அணிலும் எந்நாளில் எந்தப் பக்கம் திரளும் என்பதை அந்த இரண்டு குறிப்புகளே பெரும்பாலும் சொல்லிவிடும்.

சாதாரணக் கொண்டைக்குருவி இஸ்தோப்பு விளக்கிலும் மீற்றர்ப் பெட்டிக்கு மேலும் கூடு கட்டுவதால், குஞ்சு வளர்வதைப் படியேறாமல் பார்த்து எழுதக்கூடிய வாய்ப்பு எல்லா வீட்டுக்கும் உண்டு. கூடு தொடங்கிய நாள், முதல் முட்டை, குஞ்சு, பறந்த நாள் என நான்கு குறிப்பு போதும். முட்டையிடத் தொடங்கியதிலிருந்து குஞ்சு வெளியேறும்வரை ஏறத்தாழ நான்கு வாரம் ஆகும். அதுவரை அந்த மின்குமிழைப் போடாமலிருக்க வீட்டாரை இணங்கவைப்பதுதான் பெரிய வேலை.

இரவு வந்தவர் யார்

சேதத்தைக் கண்டதும் 'பன்றி' என்று சொல்லிவிடுவது நம் வழக்கம். தடயத்தைப் பார்த்து எழுதப் பழகினால், பன்றி செய்ததாக நினைத்தவற்றுள் பாதி வேறு விலங்கின் வேலையாக இருக்கக் காணலாம். பன்றி மண்ணை மூக்கால் உழுதுகொண்டே போகும். பாத்தி அகலமாகப் புரண்டிருக்கும், செடி கிடந்தபடியே வேர் மட்டும் தின்னப்பட்டிருக்கும், ஈரமண்ணில் பிளவுக் குளம்பும் அதன் பின்னால் இரண்டு சிறு குழிகளும் பதிந்திருக்கும், பக்கத்து மரத்தின் அடியில் சேறு தேய்க்கப்பட்டிருக்கும். முள்ளம்பன்றி தேர்ந்தெடுத்துத் தோண்டும். குழி சிறியது, கிழங்கில் இரண்டு அகலமான பல்லின் தடம் அருகருகே உளியால் சீவியதுபோல் தெரியும், பெரும்பாலும் வேலியிடுக்கில் ஒரு முள்ளாவது கழன்று கிடக்கும். மண்ணைக் குவித்துப் பொந்து வைத்திருந்தால் அது பெருச்சாளி.

இலை தின்றவரை அடையாளம் காண வெட்டுவாயைப் பாருங்கள். முயலுக்கு மேலும் கீழும் கூரிய முன்பல் இருப்பதால் போஞ்சிக் கொடியைக் கத்தியால் வெட்டியதுபோல் சாய்வாகத் துண்டிக்கும். மரைக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. அது இலையைப் பற்றி இழுத்துக் கிழிப்பதால் தண்டின் முனை நாராகப் பிய்ந்திருக்கும், அதுவும் முயலுக்கு எட்டாத உயரத்தில். நத்தையும் ஓடில்லா நத்தையும் காய்ந்த பின்னும் மினுங்கும் கோட்டை விட்டுச்செல்லும். பழத்தில் ஒரு துளை மட்டும் கடித்திருந்தால் அணில், பாதி கடித்து எறிந்து அடுத்ததைப் பறித்திருந்தால் குரங்கு, சப்பிய சக்கை உருண்டையாகக் கீழே விழுந்திருந்தால் வௌவால். மதிற்சுவரின் மேலோ பெரிய கல்லின் மேலோ கோப்பிக் கொட்டையும் பழவிதையும் நிறைந்த எச்சம் கிடந்தால் மரநாய். கூரைக்குள் இரவில் ஓடுவதும் அதுவாகவே இருக்கக்கூடும்.

காற்தடம் பிடிக்க, வேலியின் இடைவெளிக்குள் இரண்டடி நீளத்துக்குக் கல் பொறுக்கிய மென்மண்ணில் சாம்பல் கலந்து பரப்பி, பொழுதுசாயும்போது பலகையால் மட்டப்படுத்திவிடுங்கள். மழை அழித்துவிடாதபடி மேலே ஒரு துண்டுத் தகரத்தைச் சாய்வாக நிறுத்தவேண்டும். ஆனால் தகரம் தாழ்வாக இருந்தால் விலங்கு மிரண்டு வேறு வழியால் போய்விடும். விடிந்ததும் தடத்துக்குப் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படமெடுங்கள், அளவு பின்னர் தெரியவேண்டும். நாயின் தடத்தில் நகம் முன்னால் குத்தியிருக்கும். பூனைக் குடும்பத்தின் தடத்தில் நகம் பதியாது. விரல்கள் வட்டமாக அமைந்து, உள்ளங்காலின் பின்விளிம்பு மூன்று வளைவாகப் பிரிந்திருக்கும். அந்தத் தடம் வீட்டுப் பூனையுடையதைவிடப் பன்மடங்கு பெரிதானால் வந்தது சிறுத்தை.

சிறுத்தை தேயிலைத் தோட்டங்களில் புதிதாக வந்து குடியேறிய விலங்கன்று. மறைவான மலைகளில் படுக்கிறது, குட்டியும் போடுகிறது. நாய்க்கு ஆசைப்பட்டே அது பெரும்பாலும் வீட்டுவாசலுக்கு வருகிறது. இரவில் நாயைக் கட்டிப்போட்டுவிட்டுத் தூங்குவது அதற்கு இரை கட்டிவைப்பதற்குச் சமம். கதவுள்ள கூட்டில் அடையுங்கள். தனியாகக் கிடக்கும் குட்டியைக் கண்டால் தூக்காமலும் கூட்டம் சேர்க்காமலும் விலகிவிடவேண்டும், தாய் அருகிலேயே இருக்கும். பன்றிக்கென வேலியில் கட்டும் கம்பிச் சுருக்குத்தான் மலையகத்துச் சிறுத்தைகளின் பெரிய எமன். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் சுருக்கில் சிக்கிய அரிதான கருஞ்சிறுத்தை ஒன்று உடவளவைக்குக் கொண்டுசெல்லப்பட்டுச் சிகிச்சை அளிக்கப்பட்டும் சில நாள்களில் இறந்தது. பன்றிக்குத்தானே கட்டினேன் என்பது சுருக்குக் கட்டியவரின் நியாயம். கம்பிக்கு விலங்கைப் பிரித்தறியத் தெரியாது. உங்கள் வளவிலோ அடுத்த மலையிலோ சுருக்கைக் கண்டாலும், விலங்கு சிக்கியிருந்தாலும், அருகில் போகாமல் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

பாம்பைப் பொறுத்தவரை, மரக்கறிப் பாத்தியில் மண்ணோடு மண்ணாகப் புரளும் பென்சில் தடிப்புள்ள கரும்பழுப்புப் பாம்புகள் மண்புழு தின்பவை, தீங்கற்றவை. அவற்றைக் கொல்வதில் ஒரு நியாயமும் இல்லை. அஞ்சவேண்டியது சருகு நிறத்தில் சுருண்டு கிடக்கும், மூக்குநுனி மேல்நோக்கித் திரும்பிய சிறு விரியனுக்கு. இலங்கையில் பாம்புக்கடிகளில் பெரும்பங்கு இதனுடையது. இதன் நஞ்சுக்கு நம் வைத்தியசாலைகளில் உள்ள நஞ்சுமுறி மருந்து பலன் தராது என்பதால் கடிபடாமலிருப்பதே முதல் மருத்துவம்: சருகுக் குவியலில் வெறுங்கை வைக்காதீர்கள், விளக்கின்றி இரவில் பாத்திக்குப் போகாதீர்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டாமல், கீறாமல், 1990 சுவசெரிய அம்பியூலன்ஸை அழைத்து வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். குரங்கோ மரநாயோ வௌவாலோ கடித்தால், சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, விசர்நோய்த் தடுப்பூசிக்கு அன்றே போகவேண்டும்.

குளவிக் கொட்டுக்கு இலக்காகித் தொழிலாளர்கள் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்ட செய்தி இல்லாமல் தோட்டப்புறத்தில் ஒரு மாதம் கழிவதரிது. கூட்டைக் கண்டதும் புகைபோடுவதற்கு முன் தொலைவிலிருந்து படமெடுத்துப் பாருங்கள். கிளையிலிருந்து மூடுறையின்றி ஒற்றை அடையாகத் தொங்கினால் அது பெரிய தேனீ. அது இடம்பெயரும் இனம், பூக்காலம் முடிந்ததும் அடையைக் கைவிட்டுத் தானே போய்விடும். கடதாசி உறையால் மூடப்பட்ட உருண்டைக் கூடு குளவியுடையது. எதுவானாலும் நடைபாதைக்கு மேல் இருந்தால் பழக்கமுள்ளவர்களைக் கொண்டு அகற்றவேண்டும். மற்ற இடமானால் கூட்டின் இலக்கத்தைப் படத்திலிட்டுப் பிள்ளைகளை அப்பக்கம் விடாமலிருப்பதே போதுமானது.

விலங்கைப் பற்றியதல்லாத ஒரு குறிப்பையும் இங்கே சொல்லவேண்டும். ஊற்று திடீரெனக் கலங்குவது, புதிய இடத்தில் நீர் கசிவது, மண்ணில் வெடிப்பு நீள்வது, மரமும் கம்பமும் சாய்வது ஆகிய மண்சரிவு அறிகுறிகளை மழைநாளில் கண்டால், கொப்பியை மூடிவைத்துவிட்டு வீட்டாருடன் பாதுகாப்பான இடத்துக்குச் சென்று கிராம உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள். 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயல் மலையகத்துச் சரிவுகளை எவ்வாறு சரித்தது என்பதை நாம் மறக்கவில்லை.

தோட்டத்தில் மாற்றம் செய்வது

ஆண்டு முடிந்ததும் கொப்பியை முதலிலிருந்து படித்து, ஒவ்வொரு இலக்கத்துக்கும் எத்தனை வரி விழுந்திருக்கிறது என்று கூட்டுங்கள். பெரும்பாலான வளவுகளில் இரவுச் சேதத்தின் பெரும்பகுதி ஓரிரு இடைவெளியால் நுழைந்திருக்கும். அந்த இரண்டை மட்டும், கீழ்ப்பக்கம் ஓரடி மண்ணுக்குள் புதையும்படி வலைக்கம்பியால் அடைத்தால் பன்றிக்கும் முள்ளம்பன்றிக்கும் அது போதிய தடையாகும். முழு வேலிக்கும் செலவிட வேண்டியதில்லை. வேலியில் மின்சாரத்தைத் தொடுப்பது சட்டவிரோதம், அண்டை வீட்டுப் பிள்ளைக்கும் யமன்.

குரங்குக்கு வேலியால் பயனில்லை. உச்சந்தலை மயிர் வட்டமாகப் பரந்த சாதாரணக் குரங்கு பழத்துக்கும் குப்பைக்கும் வரும். நீண்ட வாலும் அடர்ந்த உரோமமும் கொண்ட கருங்குரங்கு பெரும்பாலும் இலை தின்னும், அதன் சேதமும் குறைவு. கொப்பியில் இரண்டையும் பிரித்து எழுதியிருந்தால், எதை விரட்டவேண்டும் எதை விட்டுவிடலாம் என்பது விளங்கும். கூரைக்கு மேல் நீளும் கிளையை வெட்டுவது, சமையற்கழிவைத் திறந்த குழியில் போடாமல் மூடிய பீப்பாயில் இட்டு உரமாக்குவது, கொய்யாவை முற்றியதும் பறித்து வீட்டில் பழுக்கவைப்பது ஆகிய மூன்றும் வெடி கொளுத்துவதைவிட நெடுநாள் பலன் தரும்.

வரவேண்டியவற்றை வரவழைப்பதற்கு நான் முதலில் பரிந்துரைப்பது நடுவதையன்று, விட்டுவைப்பதை. வேலியோரத்தில் இரண்டடி அகலப் புல்லை வெட்டாமல் விடுங்கள். தையல்சிட்டும் ஓணானும் அதில் குடியேறும். உயரமான இடங்களில் உதடு கறுத்த, இலங்கைக்கே உரிய பச்சை ஓணான் இத்தகைய வேலிப்புதரில்தான் வெயில் காயும். தேசிக்காயும் கறிவேப்பிலையும் வளரும் உயரமானால், ஒரு மரத்தை மருந்தடிக்காமல் புழுவுக்கென விட்டுவிடலாம். அதன் இளந்தளிரில் பறவை எச்சம்போல் கறுப்பும் வெள்ளையுமாக ஒட்டியிருக்கும் பொருளைக் குச்சியால் மெல்லத் தொட்டால், தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறமான இரட்டைக் கொம்பு வெளிவந்து கடுமையான வாடை வீசும். அது வண்ணத்துப்பூச்சியின் புழு. சில நாளில் அது தோலுரித்துப் பச்சையாக மாறி இலையோடு இலையாக மறைந்துவிடும். பறவைகளுக்கு நீர் வைப்பதானால் ஆழமற்ற மண்சட்டியே உகந்தது. மூன்று நாளுக்கொருமுறை தேய்த்துக் கழுவி நீரை மாற்றவேண்டும்.

படங்களைப் பகிர விரும்புவோருக்கு ஐநேச்சுரலிஸ்ட், ஈபேர்ட் ஆகிய இரண்டும் பயன்படும்; பெயர் தெரியாத உயிரைப் பிறர் அடையாளம் காட்டுவார்கள். பறவைகளைப் பொறுத்தவரை, கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இயங்கும் இலங்கை களப் பறவையியல் குழுவின் வெளியீடுகளும் உதவும். சிறுத்தை, அழுங்கு ஆகியவற்றின் தடத்தையும் பொந்தையும் இடப்பெயருடன் முகநூலில் போடுவதை முற்றாகத் தவிர்க்கவேண்டும். இறைச்சிக்கும் செதிலுக்கும் அலைபவர்களும் முகநூல் பார்க்கிறார்கள்.

இரண்டாம் ஆண்டில் நாள்தோறும் எழுதவேண்டியதில்லை. மழை, ஆறுமணிக் குருவியின் முதற்குரல், சவுக்கும் முள்முருங்கையும் பூத்த நாள், அடைத்த இடைவெளிகளுக்கு முன்னாலுள்ள தடம் ஆகியவற்றை மட்டும் தொடருங்கள். அடைத்த இடத்தில் தடம் நின்று வேறு இலக்கத்தில் தொடங்கினால் அந்த இலக்கத்தையும் அடையுங்கள். எந்த இலக்கத்திலும் இல்லையென்றால், வேலியைப் பாராட்டுவதற்கு முன் அடுத்த மலையில் கவ்வாத்துச் செடி மீண்டும் மூடிவிட்டதா என்று ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.